கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்த பொட்டு

நைனா,

இந்தக் குரூப்பில் மூன்று மாதமாக நீ பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வருகிற அரக்கோணம் அண்ணன் நான்தான். உன் அப்பன். அரக்கோணத்தில் எனக்கு வீடும் இல்லை, பத்தாவது முடித்த பையனும் இல்லை. திருத்தணியில் அதே வீட்டில், நீ கம்ப்யூட்டர் வைத்திருந்த அதே இரும்பு மேசைக்கு முன்னால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்தால் ஏமாற்றினான் என்று நினைத்து மூடிவிடுவாய். இப்போதும் மூடலாம். என்னைக் குரூப்பை விட்டே தூக்கலாம், உனக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை உனக்கு துபாய்க்கு விமானம். அதற்கு முன்னால் இதை நீ படித்தாக வேண்டும். கெஞ்சித்தான் கேட்கிறேன், கடைசிவரை படித்துவிட்டுத் தூக்கு.

குரூப்பில் இருக்கிற மற்ற பிள்ளைகளும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பிள்ளை அப்பனைக் கூப்பிடுவதும் நைனாதான், அப்பன் பிள்ளையைக் கூப்பிடுவதும் நைனாதான். எந்த பிராசசர் வாங்கலாம், எந்த மானிட்டர் நல்லது என்று கேட்க வந்த இடத்தில் ஒரு கிழவன் தன் வீட்டுக் கதையை எடுத்து விடுகிறானே என்று எரிச்சல் வரும். எனக்கு வேறு வழி இல்லை. என் மகன் என்னோடு பேசிப் பதினாலு மாதம் ஆகிறது. என் நம்பர் அவன் போனுக்குப் போவதே இல்லை. அவன் அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறான், என் பேச்சை எடுத்ததும் வைத்துவிடுகிறான். நீயாவது அவனிடம் சொல்லக்கூடாதா என்று அவளைக் கேட்டேன். "நீ பண்ணத நான் எதுக்குச் சொல்லணும்? உன் வாய் எங்க போச்சு?" என்றாள். நியாயம்தான். அதோடு, நான் சொன்ன பொய் நாலு பேர் முன்னால் சொன்ன பொய். அதைத் திரும்ப வாங்குவதும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும்.

நான் இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்று உனக்குத் தோன்றும். உளவு பார்க்க வரவில்லை. நீ வீட்டை விட்டுப் போன பிறகு பீரோவில் துணிக்கு அடியில் உன் லிஸ்ட் கிடைத்தது. காலேஜ் நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து எழுதியது. பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று வரிசையாக எழுதி, விலையை அடித்து அடித்து மாற்றியிருந்தாய். அதே சாமான்களை வாங்கி அதே மேசையில் அதே மாதிரி நிறுத்திவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு எனக்கு. லிஸ்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இதில் பாதிப் பொருள் இப்போது வருவதே இல்லை, விவரம் தெரிந்த யாரையாவது கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்கள். விவரம் தெரிந்த ஒரே ஆள் நீ. அதனால் போனில் வீடியோவாகப் பார்த்தேன். குறைந்த செலவில் முதல் கேமிங் கம்ப்யூட்டர் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீடியோவுக்குக் கீழே இந்தக் குரூப்புக்கு வழி போட்டிருந்தது. உள்ளே வந்தால், பதில் சொல்கிற ஆளின் படத்தில் ஒரு கேபினெட், அதற்கு அடியில் கட்டம் போட்ட லுங்கித் துணி. அந்தத் துணி பொதட்டூர்பேட்டையில் ஒரு தறி வீட்டில் எனக்குக் கொடுத்தது. நான்தான் மேசை மேல் விரித்தேன். கம்ப்யூட்டர் போய்விட்டது, என்னோடு பேச்சும் போய்விட்டது, ஆனால் அந்தப் படத்தை மட்டும் நீ மாற்றவில்லை.

அரக்கோணத்துக்காரன் என்று வேறு பெயரில் சேர்ந்து முதல் கேள்வியைப் போட்டேன். பையனுக்கு முதல் கேமிங் கம்ப்யூட்டர், அறுபதாயிரத்துக்குள் முடிக்கணும், உதவி செய்யுங்கள் என்று. அரை மணி நேரத்தில் நீ வந்தாய். "மானிட்டர் சேத்து அறுபதா, தனியாவாண்ணா? பையன் இன்னா கேம் ஆடுவான்?" என்று கேட்டாய். முதல் கேள்விக்குச் சேர்த்துத்தான் என்று சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதம் என் வீட்டில், நான் சாப்பிடுகிற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் நீ விளையாடினாய். ஏதோ கார் ஓடும், ஏதோ பந்து உருளும், சத்தத்தைக் குறை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவைக் கேட்டேன். அவள் கை வேலையை விடாமல் பட்டென்று சொன்னாள். பந்தாட்டம் ஒன்று, நாலு பேர் சேர்ந்து லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது ஒன்று, அந்த லாரிக்கு நீ திருத்தணி என்று பெயர் வைத்திருந்தாயாம். எனக்குத் தெரியாது. குரூப்பில் தெரியாது என்றே எழுதினேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "மொதல்ல பையன்கிட்ட உக்காந்து கேளுங்கண்ணா. அது தெரியாம எது வாங்கினாலும் வேஸ்ட்டு" என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், மறுநாள்தான் திரும்ப எடுத்தேன்.

அதற்கப்புறம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் நான் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பணத்தில் பெரிய பங்கு கார்டுக்கு, அடுத்தது பிராசசருக்கு. பலமான கார்டைப் போட்டு நோஞ்சான் பிராசசரைச் சேர்த்தால் ஒன்று இன்னொன்றுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். போன வருஷத்து பிராசசர் போதும், இந்த வருஷத்துப் பெயருக்காகக் காசைக் கொட்டாதே. ராம் பதினாறு வேண்டும் என்றால் ஒரே பதினாறாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கு. மதர்போர்டில் நாளைக்குச் சேர்க்க இடம் இருக்கிறதா பார். கேபினெட்டில் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போட்டது வாங்கு, நம் பக்கத்து வெயிலுக்கு அது மூச்சு விட வேண்டும். கலர் கலராக விளக்கு எரிகிறதற்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதே. பழைய கார்டு வாங்குவதானால் பில் இருக்கிறதா பார், அது கேம் ஓட்டுகிற வீடியோவை அனுப்பச் சொல்லு. நான் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டாலும் மூன்று தரமும் முதல் தரம் மாதிரியே பதில் சொன்னாய். நான் ஒரு வேலைக்காரனுக்குக் கூட அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. முப்பத்தைந்து வருஷமாகத் தறி மெக்கானிக், ஷெட்டு வாசலில் நிற்கும்போதே சத்தத்தை வைத்து எந்தத் தறியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்கிற தலைக்கனம் எனக்கு. ஒருவன் இரண்டாம் தரம் கேட்டால் கத்துவேன். இந்தப் பொறுமை உனக்கு என்னிடமிருந்து வரவில்லை. பெற்ற அப்பனை அண்ணா என்று உன்னைக் கூப்பிட வைத்துப் பாடம் கேட்டேன், அது ஒரு ஈனப் பிழைப்பு என்று தெரிந்தும் விடமுடியவில்லை. ஒரு நாளைக்கு உன் இரண்டு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கியது.

நீ திரும்பத் திரும்ப எல்லாருக்கும் சொல்கிற ஒன்று உண்டு. "எதுல வேணா கை வைங்க, பவர் சப்ளைல மட்டும் கை வைக்காதீங்க." எனக்கும் அதையே சொன்னாய். அந்த வரியை நான் இந்த மூன்று மாதத்தில் எத்தனை பேருக்கு நீ எழுதியதைப் பார்த்தேனோ, அத்தனை தரமும் நாம் இரண்டு பேரும் சென்னைக்குப் போன நாள் என் கண் முன்னால் வந்தது. காலை மின்சார ரயிலில் போனோம். ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினோம். இரண்டு வருஷமாக மொபைல் கடையில் உட்கார்ந்து நீ சேர்த்த பணம், அதோடு நான் போட்டது கொஞ்சம். எல்லாம் வாங்கி முடிக்கும்போது கையில் இருந்தது குறைந்துவிட்டது. நீ லிஸ்டைப் பார்த்துக்கொண்டே நின்றாய். என்னால் தரமுடியும், சட்டைப் பையில் இருந்தது. ஆனால் வாயைத் திறந்து நீ கேட்கட்டும் என்று இருந்தேன். நீ கேட்கவில்லை. பவர் சப்ளையை ஒரு படி இறக்கினாய். "இதுவும் நல்ல கம்பெனிதான் நைனா, ஒண்ணும் ஆவாது" என்று எனக்குச் சமாதானம் சொன்னாய். திரும்பி வரும்போது கேபினெட் பெட்டி என் மடியில், கார்டு பெட்டி உன் மடியில். அதைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாய். என்னடா அதில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எல்லா வேலையும் இதுதான் நைனா செய்யும். மத்ததெல்லாம் இதுக்குக் கூட்டாளிங்க" என்றாய். அந்த வார்த்தை எனக்கு நன்றாக நினைவில் நின்றுவிட்டது. நிற்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது. தறிக்கு எப்படிப் பூஜை போடுவோம் என்று உனக்குத் தெரியும், இங்கே இருக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் நாளே தறியைத் துடைத்து எண்ணெய் போட்டுவிடுவோம். மறுநாள் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, குழைத்த சந்தனத்தில் குங்குமம் வைப்போம். வெளிச் சட்டத்தில் வைத்துவிட்டுப் போகிறவனை நாங்கள் வேலைக்காரன் என்றே சொல்லமாட்டோம். வேலை செய்கிற இடத்தில்தான் பொட்டு. மோட்டாரில், சக்கரத்தில், ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவை அடிக்கிற கட்டையில். எது அதிகம் உழைக்கிறதோ அதற்குப் பெரிய பொட்டு. அம்மையார்குப்பத்தில் இரண்டு ஷெட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். என் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. நம் வீட்டு மிஷினுக்கு வைக்காமல் ஊரான் தறிக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறோமே என்று தோன்றியது. உள்ளே எதையும் தொடாதே நைனா என்று நீ வாங்கிய அன்றே சொல்லியிருந்தாய். நான் மெக்கானிக், எனக்கா சொல்கிறாய் என்று அப்போதே மனதுக்குள் சிரித்தவன் நான். கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியில் நாலே நாலு திருகு. கழற்றினேன். உன் அம்மா சமையல் கட்டிலிருந்து பார்த்துவிட்டு, "அவன் வரட்டும், கேட்டுட்டு வைய்யி" என்றாள். "மிஷினப் பத்தி எனக்கே சொல்லித் தரியா" என்றேன். மஞ்சள் தண்ணீரைத் தெளித்தேன். மதர்போர்டில் ஒரு சின்னப் பொட்டு, விசிறியில் ஒன்று. எல்லா வேலையும் இதுதான் செய்யும் என்று நீ சொன்னாயே, அந்தக் கார்டுக்குப் பெரியதாக, ஈரச் சந்தனத்தை நன்றாக அழுத்தி வைத்தேன். கண்ணை மூடித் தணிகைமலையானைக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? இந்த மிஷினால் என் பிள்ளை பிழைத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கண்ணாடியை மாட்டித் திருகை முடுக்கி, வெளியே ஒரு பூவையும் சொருகிவிட்டேன்.

நீ வந்து பூஜை முடிந்து ஆன் செய்தாய். ஒரு நொடி விசிறி சுற்றியது. பிறகு ஒரு தீய்ந்த வாடை, அவ்வளவுதான். நீ வயரைப் பிடுங்கினாய், வேறு பிளக்கில் போட்டாய், எதை எதையோ செய்தாய். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, நைனா. தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஈரம் பட்ட மோட்டார் எப்படிப் போகும் என்று பார்த்தே வயதானவன் நான். இங்கே கரண்ட் ஏறி இறங்குகிறதே, அதுவாக இருக்குமோ என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன். நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். "பவர் சப்ளைய எறக்கினது என் தப்பு நைனா. அதான் தாங்காம கார்ட அடிச்சிட்டுது. கஞ்சத்தனம் பண்ணி நானே கெடுத்துகினேன்" என்றாய். உன் முகம் அழுகிற முகமாக இருந்தது. நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பாய், மூன்றாம் நாள் பேசியிருப்பாய். நான் என்ன சொன்னேன்? "ஆங், அதான் இருக்கும்" என்றேன். அந்த மூன்று வார்த்தையை நான் தினமும் நினைக்கிறேன். கார்டைக் கெடுத்தது கூட அறியாமல் செய்தது என்று எங்கேயாவது மன்னிப்பு கிடைக்கும். இதற்குக் கிடைக்காது. நான் கெடுத்ததை நீ கெடுத்ததாக உன் தலையிலேயே தூக்கி வைத்தேன். ஒரு மாதம் நீ அதைச் சுமந்துகொண்டு திரிந்தாய், நான் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிறகு வாரன்டிக்காகக் கார்டை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனோம். நானும் வருகிறேன் என்று வந்தேன். மேலே தெரிந்த பொட்டுகளை அன்றிரவே நீ தூங்கியதும் துடைத்துவிட்டிருந்தேன், உள்ளே எட்டிப் பார்க்கிற புத்தி எனக்கு வரவில்லை. காய்ந்த சந்தனம் விசிறிக்கு உள்ளே போய் ஒட்டியிருந்தது. சர்வீஸ் ஆள் விசிறியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்காரனைக் கூப்பிட்டான். "இங்க வந்து பாரு மச்சான், கார்டுக்குப் பொட்டு வச்சி கும்புட்டுகினு இருந்திருக்காங்க" என்றான். நாலைந்து பேர் எட்டிப்பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் போட்டோ எடுத்தான். வாரன்டி கிடையாது என்று தள்ளிவிட்டான். நீ அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். நம் வீட்டில் அப்படி அழுத்தி வைக்கிற கை ஒன்றுதான். உனக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரிந்தும், என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாய். "நைனா, நீ உள்ள கை வச்சியா?" திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்கு ஒரு வழி விட்டாய். அந்தச் சிரிக்கிற பையன்கள் எதிரில் நான் மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தேன், பெருமை தாங்காமல் உள்ளே நுழைந்ததுமே சொல்லியிருந்தேன். "நான் எதுக்குடா வைக்கப் போறேன்? வீட்டுக்கு எத்தினியோ பேரு வராங்க போறாங்க" என்றேன். கார்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாய். ரயிலில் எனக்கு ஜன்னல் ஓர இடம் விட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாய். திருத்தணி வருகிறவரை ஒரு வார்த்தை இல்லை.

ஒரு வாரத்தில் மற்ற சாமான்களை ஒவ்வொன்றாக விற்றாய். வெறும் மேசையும் லுங்கித் துணியும் மிச்சம். ஓசூரில் வேலை கிடைத்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாய். நான் வாசலில் நின்றுகொண்டு, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாய். விளையாட்டுப் பெட்டிக்காக அப்பனை விட்டுப் போனான் என்று கொஞ்ச நாள் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்காக நீ போகவில்லை.

இப்போது புதுக் கம்ப்யூட்டர் இந்த மேசை மேல் இருக்கிறது. வண்டியை விற்றுவிட்டேன், பொதட்டூர்பேட்டைக்கு பஸ்ஸில் போய் வருகிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நீ சொன்ன பிராசசர், நீ சொன்ன ராம், பில்லோடு வந்த பழைய கார்டு, வலை போட்ட கேபினெட். பவர் சப்ளை மட்டும் நீ சொன்னதற்கும் ஒரு படி மேலே வாங்கினேன். சேர்த்து முடிக்க எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. வலது கை இப்போது நடுங்குகிறது, அந்தச் சின்னத் திருகு விரலில் நிற்பதில்லை. கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியவில்லை, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து மாட்டினேன். ராமை எந்த ஓட்டையில் போடுவது என்று நான் கேட்டபோது நீ பேப்பரில் படம் போட்டு அனுப்பினாய். அந்தக் கையெழுத்தைப் பார்த்து உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று மதியம் பொதட்டூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் நீ குரூப்பில் எல்லாருக்கும் எழுதியிருந்தாய், வெள்ளிக்கிழமை துபாய் போகிறேன், இனிமேல் பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்காது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. உன் அம்மா சொல்லித் துபாய் விஷயம் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் குரூப்பும் இல்லை என்று இதில்தான் படித்தேன். எதையாவது கேட்டு உன்னைப் பிடித்து நிறுத்த வேண்டும். என்ன கேட்பது என்று யோசிக்காமலே கேட்டுவிட்டேன். எல்லாம் மாட்டிவிட்டேன் தம்பி, எங்கள் வீட்டில் பூஜை போடாமல் எதையும் ஆன் செய்கிற வழக்கம் இல்லை, சந்தனம் குங்குமம் வைக்கலாமா என்று. நீ பார்த்துவிட்டாய் என்று தெரிந்தது. எழுதுகிறாய் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. இரண்டு பஸ் போய்விட்டது. அப்புறம் வந்தது உன் பதில். "வைங்கண்ணா. வெளிய கண்ணாடி மேல வைங்க, உள்ள வேணாம். எங்க நைனா உள்ள வச்சிட்டாரு." அதற்குக் கீழே இன்னொன்று. "அவரு வச்சது தப்பில்லண்ணா. தறிக்கு வைக்கிற மாதிரி ஆசையா வச்சிருக்காரு. கார்டு போனா வாங்கிக்கலாம். நான் கேட்டப்ப ஆமாடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்ணா. உங்க பையன்கிட்ட அப்பிடி எதுவும் வச்சிக்காதீங்க."

இந்த அண்ணன் யார் என்று தெரிந்து எழுதினாயோ, தெரியாமல் எழுதினாயோ, எனக்குத் தெரியவில்லை. டீ ஆறிப்போய்விட்டது. கடைக்காரர், "இன்னா மேஸ்திரி, ஒடம்பு சரியில்லையா?" என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்தினேன். என் பையனிடம் பொய் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வெளியே நான் முதல் முதலாக அதைச் சொன்ன ஆள் அவர். அவர் ஒன்றும் புரியாமல் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தார்.

ஊர் விட்டு ஊர் போகிற பிள்ளைக்குப் பெற்றவன் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாளைக்கு வேலை செய்கிற இடத்தில் உன் கையால் ஒன்று கெட்டுப்போகலாம். அன்றைக்கே, அந்த நிமிஷமே சொல்லிவிடு. திட்டு வாங்கினால் ஒரு நாள் வாங்குவாய். எனக்குப் பயம் வந்தது திட்டுக்கு அல்ல, மெக்கானிக் என்கிற பெயருக்கு. உனக்கும் ஒரு நாள் பெயர் வரும். அந்தப் பெயரைக் காப்பாற்ற வீட்டு ஆளைப் பலி கொடுத்துவிடாதே. இன்னொன்று, உன் பிள்ளை ஒரு நாள் ஏதாவது விளையாடிக்கொண்டிருந்தால், என்னடா ஆடுகிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேள். நான் கேட்கவில்லை. இப்போது அந்த லாரி ஆட்டத்தை வீடியோவில் பார்க்கிறேன். மழையில் ரோடு பளபளக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னைத் திரும்பி வா என்று கேட்கவில்லை. இந்த மிஷினைக் காட்டி உன்னை இழுக்கவும் இல்லை. வேலைக்குப் போ, நல்லபடியாக இரு. விமான நிலையத்துக்கும் வரமாட்டேன், நீ கூப்பிடாமல் அங்கே வந்து நிற்க எனக்கு உரிமை இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் தறி வேலைக்குப் போகப்போவதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மேசை முன்னால்தான் இருப்பேன். ஒரு நிமிஷம் பேசு. பேச மனம் இல்லையென்றால் திட்டு. அதற்கும் மனம் இல்லையென்றால் உன் அம்மாவோடு பேசும்போது போனை வைத்துவிடாதே, நான் பக்கத்தில் இருந்து உன் குரலையாவது கேட்டுக்கொள்கிறேன். என்னை வேண்டாம் என்று நீ முடிவு செய்தால் அதைத் தாங்கிக்கொள்ளப் பார்ப்பேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போ. நீ வாங்கிய பவர் சப்ளை நல்ல பவர் சப்ளைதான். அது எதையும் எரிக்கவில்லை. நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

கம்ப்யூட்டரை நான் இன்னும் ஆன் செய்யவில்லை. வெளியே கண்ணாடி மேல், நீ சொன்ன இடத்தில், சின்னதாக ஒரு பொட்டு மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் உன் அம்மாவைக் கேட்டுவிட்டு. நீ அன்றைக்கு அத்தனை பேர் எதிரில் என்னைக் கேட்டாய், நீ உள்ளே கை வைத்தாயா என்று. அதைவிட அதிகம் பேர் இங்கே இருக்கிறார்கள். எல்லார் எதிரிலும் சொல்கிறேன்.

ஆங். நான்தான் வச்சேன், நைனா.